யோகா அக்கா பொறுக்கிய வெற்றுக் கோதுகள்

யோகா அக்கா போய்விட்டார் என்ற செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தது. அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். கைபேசித் திரையில் அவருடைய மகள் ஆரணியின் பெயரைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தேன். "சுந்தர் அங்கிள், அம்மா இண்டைக்கு மோர்னிங் போயிட்டா" என்றாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டது, "யாரும்மா சொன்னாங்க? டாக்டர் வந்து பார்த்தாரா?" என்று. ஆரணி அழுகைக்கு நடுவே சிரித்தாள். "நான்தான் பக்கத்தில இருந்தனான் அங்கிள். நீங்களும் அம்மா மாதிரியே கேக்கிறீங்கள்."

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டதும் ஆரணிதான். நல்ல குணங்களை அடுக்கி ஒரு பக்கம் எழுதினேன். அவள் வாசித்துவிட்டு, "இது அம்மா இல்லை. நடந்ததை எழுதுங்கோ. எல்லாத்தையும் எழுதுங்கோ" என்றாள். ஆகவே நடந்ததை எழுதுகிறேன். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு இதில் பாதி தெரியும். அந்தப் பாதியை எனக்குச் சொன்னவர்களே உங்களில் சிலர்.

அவருடைய வேலையிலிருந்து தொடங்குகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணமாகி சிட்னிக்கு வந்து, கணவரை இழந்து, பெண்டில் ஹில்லில் தனியாக மகளை வளர்த்தவர் யோகேஸ்வரி. இருபது வருடத்துக்கு மேல் ஓர் ஆஸ்பத்திரியில், அறுவைச் சிகிச்சைக் கருவிகளைச் சுத்தம் செய்து கிருமி நீக்கும் பிரிவில் வேலை பார்த்தார். கழுவி, காயவைத்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து ஒவ்வொரு கத்தரிக்கோலின் திருகையும் பார்ப்பது அவர் வேலை. ஒருமுறை என்னிடம் சொன்னார். "ஊத்தையாத் தெரியிறதைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. அதை ஆரும் கழுவுவினம். சுத்தமாத் தெரியிறதுதான் பயம்." மனிதர்களையும் அவர் அதே கண்ணாடிக்குக் கீழே வைத்துத்தான் பார்த்தார். உங்கள் வீட்டு விருந்தில் கோழிக்கறி எத்தனை மணிக்குச் சமைத்தது என்று அவர் கேட்டிருப்பார். கோபப்பட்டிருப்பீர்கள். நானும் பட்டிருக்கிறேன்.

நாங்கள் பழகியது கோயிலிலோ தமிழ்ப் பள்ளியிலோ அல்ல. சிட்னியின் மேற்கு ஓரத்தில், புல்வெளிகளுக்கு நடுவே இருக்கும் ஒரு பிஸ்டல் கிளப்பில். கல்லூரியில் என்.சி.சி.யில் துப்பாக்கி சுட்ட பழக்கம் எனக்கு. ஐம்பது வயதில் அந்த ஆசை திரும்பவும் வந்தது. குறி பார்க்கும் ஒரு மணி நேரத்தில் வேறு எதையும் நினைக்க முடியாது என்பதுதான் காரணம். சேர்ந்த முதல் மாதம், காதில் சத்தம் மறைக்கும் உறையோடு நின்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று முணுமுணுத்துவிட்டுச் சுடுவேன். களத்தை மேற்பார்வை செய்த ஒரு பெண்மணி பின்னால் வந்து நின்றார். "எண்ணிப்போட்டுச் சுடாதேங்கோ. மூண்டு வரப்போகுது எண்டு கை முதலே நடுங்குது" என்றார். அந்த இடத்தில் தமிழைக் கேட்டதும் பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர்தான் யோகா அக்கா. நீங்கள் ஏன் இங்கே வருகிறீர்கள் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "எனக்கு உந்தச் சத்தம் எண்டாப் பயம். பயமான சாமானைக் கிட்டப் போய்ப் பாக்கவேணும்" என்றார்.

உரிமம் வாங்கி, மாதக்கணக்கில் கிளப்பின் பிஸ்டலால் பழகி, சொந்தமாக வாங்கும் அனுமதி வந்தபோது எனக்குச் சின்னப் பிள்ளையின் சந்தோஷம். ஜூன் மாதம் ஒரு ஞாயிறு. புல்லில் பனி வெள்ளையாகக் கிடந்தது. பெட்டியிலிருந்து புதிய பிஸ்டலை எடுத்து, காலை எட்டு மணிக்கு, முதலில் சுடுபவர்களின் வரிசையில் நின்றேன். ஏழாவது தோட்டாவோடு நின்றுவிட்டது. சுட்டபின் வெளியே தெறிக்க வேண்டிய வெற்றுக் கோது, பாதி வந்து வாயில் சிக்கி நிமிர்ந்து நின்றது. குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு இடது கையைத் தூக்கினேன். யோகா அக்கா வந்து பார்த்தார். "புதுசோ?" என்றார். "ஆமாக்கா." "எத்தனையாவது?" "ஏழாவது." சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து ஏதோ எழுதினார். அன்று மூன்று தடவை சிக்கியது. மூன்று தடவையும் எழுதினார்.

புதிய துப்பாக்கி சரியாக வேலை செய்யவில்லை என்றால் கிளப்பில் எல்லோரும் வைத்தியராகிவிடுவார்கள். விற்ற கடைக்காரர், "புதுசு அப்படித்தான், ஒரு இருநூறு சுட்டா படிஞ்சிடும்" என்றார். பக்கத்தில் நின்று சுடும் கிரெய்க் என்பவர் தோட்டாவை மாற்றச் சொன்னார். இன்னொருவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கவில்லை என்றார். நான் எல்லோர் பேச்சையும் கேட்டேன். அடுத்த ஞாயிறு வேறு தோட்டா, வேறு ஸ்பிரிங், வேறு எண்ணெய் என்று மூன்றையும் மாற்றிக்கொண்டு போனேன். யோகா அக்கா தலையில் கை வைத்தார்.

"மூண்டையும் ஒரே நாளில மாத்தினா, சரி வந்தா ஆருக்கு நன்றி சொல்லுவீங்கள்? பிழைச்சா ஆரைப் பேசுவீங்கள்?"

சரி வரவில்லை. அன்றும் இரண்டு தடவை சிக்கியது. எல்லாவற்றையும் பழையபடி மாற்றச் சொன்னார். பிறகு வரிசை சொன்னார். "முதல்ல ஆளைச் சந்தேகப்படுவம். பிறகு தோட்டா. பிறகு மகசின். கடைசியாத்தான் துவக்கு. ஒரு கிழமைக்கு ஒண்டு." தோட்டா வைக்கும் என் மகசின்கள் மூன்றிலும் பேனாவால் இலக்கம் போட்டார். என் பெட்டித் தோட்டாவைத் தன் பிஸ்டலில் போட்டுச் சுட்டார். ஒன்றும் சிக்கவில்லை. பிறகு, முதல் ஆட்கள் சுட்டு முடித்து இரண்டாவது வரிசை தொடங்கியபோது, என் பிஸ்டலை வாங்கி மூன்று மகசின்களாலும் ஐம்பது தோட்டா சுட்டார். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

"அப்ப என் கைதான்னு சொல்றீங்க" என்றேன்.

"அப்பிடிச் சொல்லேல்ல. அப்பிடித் தெரியுது எண்டுதான் சொல்லுறன்."

எனக்கு இந்த இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. மூன்று வாரம் வீட்டில் கைக்குப் பயிற்சி செய்தேன். கிரவீனில் எங்கள் தெருவில் நடக்கும்போதுகூட ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே நடந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் எட்டு மணிக்கு முதல் ஆளாக நின்றேன். ஒவ்வொரு ஞாயிறும் சிக்கியது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் வாங்கிச் சுட்டார், சிக்கவில்லை. என் கோபம் மெல்ல பிஸ்டலை விட்டு அவர் மேல் திரும்பியது.

ஒருநாள் நான் இலக்குத் தாளை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, அவர் குனிந்து என் காலடியில் கிடந்த வெற்றுக் கோதுகளில் சிலவற்றைப் பொறுக்கி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறைமேல் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உறையைப் பைக்குள் வைத்துவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் கிளப் கமிட்டியில் இருந்தவர். பாதுகாப்பில்லாத ஆள் என்று என்னை வெளியேற்ற ஆதாரம் சேர்க்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்தக் கொப்பியும் அதற்குத்தான் என்று தோன்றியது. ஒருமுறை தோன்றிவிட்டால் பிறகு எல்லாமே அதற்கு ஒத்துப்போகும். அவர் பேசாமல் இருந்தால் மறைக்கிறார். சிரித்தால் ஏமாற்றுகிறார்.

அந்த மனநிலையில் நான் இருந்தபோதுதான் மளிகைக் கடையில் அந்தப் பேச்சு காதில் விழுந்தது. தெரிந்தவர் ஒருவர், நான் பிஸ்டல் கிளப்புக்குப் போவது அறிந்து, முருங்கைக்காய்க் கட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். "அங்க உங்களோட வாற யோகேஸ்வரி இருக்கிறாவெல்லே, அவ இயக்கத்தில இருந்தவ எண்டு கதை. இல்லாட்டி ஒரு பொம்பிளை உப்பிடித் துவக்குப் பிடிப்பாவே?" அந்த ஞாயிறு யோகா அக்காவிடம், "அக்கா, இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். என் முகத்தை நிதானமாகப் பார்த்தார். "ஹொஸ்பிற்றலில" என்றார். நான் நம்பவில்லை. நான் நம்பவில்லை என்பதை அவரும் பார்த்தார்.

அதே நாள், தேநீர் இடைவேளையில், கிரெய்க் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். யோகா அக்கா தூரத்தில் ஒருவருக்குப் பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடைக் கழற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். "இவங்க இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டாங்க?" என்று அவரும் அதே கேள்வியைக் கேட்டார். நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "ஊரில் இயக்கத்தில் இருந்தவர் என்று எங்கள் ஆட்கள் சொல்கிறார்கள்." ஆங்கிலத்தில்தான் சொன்னேன். இயக்கம் என்ற சொல்லை மட்டும் தமிழில் சொல்லி, ஈழத்தில் ஆயுதம் ஏந்திய அமைப்பை அப்படிச் சொல்வார்கள் என்று விளக்கினேன். சொல்லும்போது எனக்குள் ஒரு சின்னத் திருப்தி இருந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழன் பிற்பகல், யோகா அக்கா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். துப்பாக்கிப் பெட்டகத்தைத் திறந்து காட்டச் சொன்னார்கள். எல்லாம் சட்டப்படி இருந்தது. ஆனாலும் பெயரில்லாத ஒரு கடிதம் வந்திருக்கிறது, விசாரணை முடியும்வரை உரிமம் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று சொல்லி இரண்டு பிஸ்டலையும் எடுத்துப் போய்விட்டார்கள்.

அடுத்த ஞாயிறு அவர் வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எட்டு மணிக்கு முன்பே வந்திருந்தார். மேற்பார்வை அட்டையைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு, வேலிக்கு இந்தப் பக்கம், பார்வையாளர்களுக்கான பிளாஸ்டிக் கதிரையில் குளிர் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். எல்லோரும் வழக்கத்தைவிட மரியாதையாக நடந்துகொண்டோம். அதுவே அவருக்குப் போதுமான தகவலாக இருந்திருக்கும். நான் சுட்டு முடித்து, பிஸ்டலைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தபோது கூப்பிட்டார்.

"கடிதத்தில என்ன இருக்குது எண்டு அந்தப் பொலிஸ்காரன் கொஞ்சம் வாசிச்சுக் காட்டினவன். இயக்கம் எண்ட சொல்லை இங்கிலீஷ் எழுத்தில எழுதியிருக்கினம்" என்றார். பிறகு என் கண்ணைப் பார்த்தார். "இந்தக் கிளப்பில தமிழ் ஆக்கள் ரெண்டு பேர். ஒண்டு நான்."

"நான் எழுதலைக்கா" என்றேன். உண்மைதான். ஆனால் நான் செய்ததில் அது பாதி உண்மை.

"சரி" என்றார். "எனக்கு லைசன்ஸ் போனாப் போகட்டும். என்ர பெறாமகன் நிரோசன்ர விசாக் கேஸில நான்தான் கடிதம் குடுத்திருக்கிறன். என்ர பேர் பழுதானா அவன்ர கடிதமும் பழுது."

அவருக்கு மகன் முறையான நிரோசனை உங்களில் சிலர் இறுதிச் சடங்கில் பார்த்திருப்பீர்கள். படகில் வந்து, வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் இரண்டு வருடம் இருந்தவன். அந்த இரண்டு வருடமும் யோகா அக்கா ஒரு வாரம் தவறாமல் அவனைப் பார்க்கப் போயிருக்கிறார். இப்போது மெல்பேர்னில், ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் வேலை செய்துகொண்டு, தற்காலிக விசாவில் முடிவுக்காகக் காத்திருக்கிறான். ஒரு தேநீர் இடைவேளையில் நான் சொன்ன ஒரு வாக்கியம் அவன்வரை போகும் என்று நான் நினைக்கவே இல்லை.

இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது சனிக்கிழமை பிற்பகல் பெண்டில் ஹில்லுக்குப் போனேன். கதவைத் திறந்து, சமையலறை மேசையில் உட்காரச் சொன்னார். நான் உட்காராமலே சொன்னேன். மளிகைக் கடை, என் கோபம், கிரெய்க், அந்த வாக்கியம் எல்லாவற்றையும் சொன்னேன். "மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

"அதைப் பிறகு பாப்பம். இருங்கோ." ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார். "எத்தினை பேரிட்டச் சொன்னனீங்கள்?"

"ஒருத்தர்கிட்டதான்."

"வடிவா யோசியுங்கோ."

"மனைவிகிட்டயும் சொன்னேன்."

"அப்ப ரெண்டு. சரியா என்ன சொல்? உங்களுக்குச் சொன்னவர் தன்ர கண்ணால கண்டவரோ? அவருக்குச் சொன்னது ஆர்?"

எனக்குத் தெரியவில்லை. கேட்கவே இல்லை. அதையும் எழுதச் சொன்னார். நான் எதையும் பார்த்ததில்லை, பார்த்தவர் யாரையும் எனக்குத் தெரியாது, கடையில் காதில் விழுந்ததை விசாரிக்காமல் இன்னொருவரிடம் சொன்னேன், அதற்கு நான் பொறுப்பு என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கடைசியில், யோகேஸ்வரி அவர்கள் மிக நேர்மையானவர், அவருடைய கடந்த காலத்தில் எந்தத் தவறும் இல்லை என்று ஒரு வரி சேர்த்தேன். அவர் இரண்டு தடவை வாசித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"உதை வெட்டுங்கோ."

"ஏன்கா? உங்களுக்கு நல்லதுதானே?"

"என்ர கடந்த காலம் உங்களுக்குத் தெரியுமோ? தெரியாததை எழுதித்தானே இவ்வளவும் வந்தது."

வெட்டினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். திங்கட்கிழமை நானே போலீஸ் உரிமப் பிரிவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன், கிளப் கமிட்டிக்கு ஒரு பிரதியும் கொடுத்தேன். கமிட்டி என்னை மூன்று மாதம் போட்டிகளிலிருந்து விலக்கியது, பயிற்சிக்கு மட்டும் அனுமதித்தது. கிரெய்க்கிடம் நேராகப் போய்க் கேட்டேன். அவர் துப்பாக்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு தன் கார் பக்கம் நடந்தார். கொஞ்ச நாளில் வேறு கிளப்புக்குப் போய்விட்டார். அவர்தான் எழுதினார் என்று இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. நான் பார்க்கவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் என் பிஸ்டல் சிக்கிக்கொண்டேதான் இருந்தது. நான் அதை மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை. ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறு, வேலிக்கு அப்பால் கதிரையில் இருந்தபடியே என்னை அழைத்தார். கொப்பியை விரித்துக் காட்டினார். நான் பயந்த அந்தக் கொப்பி. என் மேல் குறையாக ஒரு வரி எங்கும் இல்லை. திகதி, மணி, அன்றைய குளிர், எத்தனையாவது தோட்டா, எந்த மகசின், யார் சுட்டது. பத்தொன்பது தடவை சிக்கியிருந்தது. பத்தொன்பதும் ஒன்பது மணிக்கு முன்பு. பத்தொன்பதும் முதல் இருபது தோட்டாவுக்குள்.

"நீங்கள் எப்பவும் முதல் ஆள். நான் மேற்பார்வை முடிச்சு எப்பவும் ரெண்டாவது வரிசை. நான் தொடேக்க துவக்கு சூடாகியிருக்கும்" என்றார். "உங்கட கை, என்ர கை எண்டு பாத்துக்கொண்டு இருந்திட்டம். கை இல்லை. குளிர்."

ஆனாலும் அவர் அதை நம்பிவிடவில்லை. அடுத்த வாரம், இரவெல்லாம் குளிரில் இருந்த என் பிஸ்டலை முதல் ஆளாகக் கிளப் தலைவரைச் சுடச் சொன்னார். முப்பது வருடம் சுட்டவர் அவர். ஆறாவது தோட்டாவில் சிக்கியது. தலைவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

பிறகு பையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் உறைகளை எடுத்தார். ஆஸ்பத்திரியில் பாவிக்கும் சின்னப் பூதக்கண்ணாடியையும் தந்தார். சிக்கிய கோதுகளின் விளிம்பைப் பார்க்கச் சொன்னார். ஏதோ நகத்தால் பிறாண்டி நழுவவிட்டதுபோல் மெல்லிய கீறல்கள். சிக்காத கோதுகளில் அவை இல்லை. கோதைப் பிடித்து வெளியே இழுக்கும் சின்னக் கொக்கி ஒன்று ஸ்லைடில் இருக்கிறது. அதுதான் சரியாகப் பிடிக்கவில்லை. துப்பாக்கியைத் தொட அவருக்கு அனுமதியில்லை. வேலிக்கு அப்பால் நின்று பேனாவால் சுட்டிக்காட்டினார். கிளப்பில் பழுது பார்ப்பவர் கொக்கியைக் கழற்றினார். அதன் அடியில் தொழிற்சாலையில் பூசிய மஞ்சள் கிரீஸ், இரும்புத் தூளோடு சேர்ந்து, குளிரில் மெழுகுபோல் இறுகிக் கிடந்தது. நான் அந்தப் பிஸ்டலை அதுவரை குறைந்தது பத்துத் தடவை சுத்தம் செய்திருந்தேன். கொக்கியைக் கழற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. வெளியே பளபளவென்று இருந்தது.

பல்குத்தும் குச்சியும் கொஞ்சம் கரைப்பானும்தான் தேவைப்பட்டன. அடுத்த வாரம் குளிரில் முதல் ஆளாக நின்று நூறு சுட்டேன். ஒன்றும் சிக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் சுடச் சொன்னார். அதற்கடுத்த வாரமும். மூன்றாவது வாரம்தான் கொப்பியில் கோடு போட்டு முடித்தார். முடித்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு மாசம் உங்களில பிழை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். எழுதித் தரட்டே?"

முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார். வேண்டாம் என்றேன். "அப்ப சரி" என்று கொப்பியை மூடினார். மன்னிப்பைப் பற்றி எங்களுக்குள் அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

வசந்த காலத்தில் அவருடைய உரிமம் திரும்பக் கிடைத்தது. பிஸ்டல்களும் வந்தன. போலீஸ் திருப்பிக் கொடுத்த பிஸ்டல்களின் எண்களை வாசலிலேயே வைத்துச் சரிபார்த்தாராம். மேலும் மூன்று வருடம் நாங்கள் ஞாயிறுதோறும் சந்தித்தோம். ஒரே காரில் போனோம். அவர் சுட்ட பனங்காய்ப் பணியாரத்தை என் மனைவி கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். ஆனால் அவர் என்னை நம்பினாரா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. காரைப் பூட்டிவிட்டேன் என்று நான் சொன்னாலும் போய்க் கைப்பிடியை இழுத்துப் பார்ப்பார்.

இந்த வருடத் தொடக்கத்தில் வயிற்றுவலி என்றார். ஸ்கேனில் புற்றுநோய் என்று வந்ததும் வேறு ஆளின் ரிப்போர்ட்டை மாற்றித் தந்துவிட்டார்கள் என்று சொல்லித் திரும்ப எடுக்க வைத்தார். இரண்டாவதும் அதையே சொன்னது. நான் பார்க்கப் போனபோது, "இந்தமுறை மிசின் சரி" என்றார். என் கையை ஒருமுறை பிடித்து விட்டார். நாற்பது நாளில் முடிந்துவிட்டது.

இறுதிச் சடங்கில், மண்டபத்தின் பின்வரிசையில், எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் குரலைத் தாழ்த்தி, "இவ இயக்கத்தில..." என்று தொடங்கினார். "நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டேன். அவர் முன்னே பார்க்கத் தொடங்கினார். யோகா அக்கா இயக்கத்தில் இருந்தாரா? எனக்குத் தெரியாது. மூன்று வருடத்தில் கேட்க நூறு சந்தர்ப்பம் கிடைத்தது. கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால் சொல்லியிருப்பார். தெரியாமல் இருப்பது எனக்கு இப்போது பழகிவிட்டது. உங்களுக்கும் பழகலாம்.

சடங்கு முடிந்த வாரம், சனிக்கிழமை காலை, ஆரணி என்னை வீட்டுக்கு வரச் சொன்னாள். இறந்தவரின் துப்பாக்கிகளை வீட்டில் வைத்திருக்க முடியாது. போலீஸுக்குச் சொல்லி, உரிமமுள்ள வியாபாரி ஒருவர் எடுத்துப்போக வந்திருந்தார். "நான் எதுக்கும்மா?" என்று கேட்டேன். அவள் ஒரு கடித உறையை நீட்டினாள். மேலே, நான் இல்லாட்டி, என்று எழுதியிருந்தது. உள்ளே அவருடைய நேரான கையெழுத்தில் சில வரிகள்.

"துவக்கு ரெண்டு. மகசின் ஐஞ்சு. கொண்டு போகேக்க சுந்தர் பக்கத்தில நிக்கட்டும். செய்த பிழையைத் தானே வந்து சொன்ன ஆள். அவர் எண்ணினாப் பிறகு நீயும் ஒருக்கா எண்ணு."

அந்தத் தாளை ஆரணி எனக்கே தந்துவிட்டாள். யோகா அக்காவிடமிருந்து எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அவர் யாரைப் பற்றியும் நற்சான்றிதழ் எழுதும் ஆள் இல்லை. அந்தக் கடைசி இரண்டு வரிகளுக்கு மேல் ஒன்றும் எனக்குத் தேவையும் இல்லை.

வியாபாரி பெட்டகத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். நான் எண்ணினேன். எண்ணிவிட்டு நகர்ந்து நின்றேன். ஆரணி சங்கடத்தோடு என்னைப் பார்த்தாள். "அங்கிள், அம்மா அப்பிடித்தான்... நீங்க குறை நினைக்காதேங்கோ."

"எண்ணும்மா" என்றேன்.

எண்ணினாள். துவக்கு இரண்டு. மகசின் ஐந்து. சரியாக இருந்தது.